பொட்டு வைத்த டைப்ரைட்டர்

எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்குக் கலை நிகழ்ச்சி வைக்கப்போகிறோம், யார் யார் என்ன செய்கிறீர்கள் என்று மனிதவள அதிகாரி கேட்டபோது, நாடகம் என்று கையைத் தூக்கியது நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதாக இருந்தார்கள். ஆடட்டும், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டியில் வேலை செய்கிறவர்களுக்கு ஆடத்தான் தெரியும், யோசிக்கத் தெரியாது என்று யாராவது நினைத்துவிட்டால் எனக்குப் பொறுக்காது.

"எதைப் பத்தி நாடகம்?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒரு ஜெர்மன் நாடகக்காரரைப் பத்தி சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாங்கள் கடைந்து அனுப்பும் பிரேக் பாகங்களை வாங்குகிற கம்பெனி ஜெர்மனியில் இருக்கிறது. சீக்கிரத்தில் அங்கிருந்து தணிக்கைக்கு ஆள் வரப்போவதாகப் பேச்சு. "ரொம்ப நல்ல ஐடியா. போட்டோ எடுத்து அவங்களுக்கு அனுப்பலாம்" என்றார். எழுதிக் கொடுத்த தாள்களை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். படித்திருந்தால் போட்டிருக்க மாட்டார்.

அந்த நாடகக்காரர் எனக்குக் கிடைத்தது பொன்னேரி நூலகத்தில். காலை ஏழு மணி ரயிலில் பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற வழியில் படிக்க எனக்கு எப்போதும் ஒரு புத்தகம் வேண்டும். அன்றைக்குக் கையில் அகப்பட்டது, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இல்லாத ஒரு மொழிபெயர்ப்பு. சொந்த நாட்டில் அவர் நாடகங்கள் ஆட்சியில் இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. புத்தகங்களைக் கொளுத்தினார்கள். அவர் மனைவியோடு ரயிலேறி எல்லை தாண்டினார். அப்புறம் வருஷக்கணக்காக ஊர் ஊராக, நாடு நாடாக, அடுத்தவர் வீட்டு அறைகளில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். போட மேடை இல்லை, நடிக்க ஆள் இல்லை. சுற்றியிருந்த சனங்களுக்கு அவர் பாஷை தெரியாது.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது அவருடைய துயரம் இல்லை, திமிர். எழுதி மேஜை டிராயரில் போட்டுவைப்பதற்காக ஒரு மனுஷன் இத்தனை நாடகம் எழுதுவானா? எழுதினார். என்றைக்காவது ஒரு நாள் விளக்கு எரியும், திரை தூக்குவார்கள் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம்கூட இருந்ததாகத் தெரியவில்லை. அந்தத் திமிர் எனக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. என்னையும் வீட்டில் திமிர் பிடித்தவள் என்றுதான் சொல்வார்கள்.

புத்தகத்தில் இல்லாததை நான் இட்டுக்கட்டினேன். அவருக்கு வாடகைக்கு அறை விட்ட ஒரு வீட்டுக்காரம்மாவை உண்டாக்கினேன். அவர் எழுதியதை எல்லாம் சாயங்காலம் அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டுவார். அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பாள். அந்தப் பாத்திரத்தை நானே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு காட்சியும் டைப்ரைட்டர் சத்தத்தில் தொடங்கும்படி எழுதினேன். கடைசிக் காட்சியில் அந்நிய நாட்டு அதிகாரி ஒருவர் வந்து டைப்ரைட்டரைப் பறிமுதல் செய்வார். "தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு, மெஷின் உன்னுது" என்பார். நாடகக்காரர் அதற்கு டைப்ரைட்டரிலேயே பதில் அடிப்பார். அடித்துக்கொண்டே ஒரு பக்கத்துக்கு வசனம் பேசுவார். அந்த வசனத்தை எழுதி முடித்த அன்றைக்கு நான் வீட்டில் கேசரி கிளறினேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்த ஒரு வரி மன்னிப்பு மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்ததில்லை. எங்கள் மெஷின் ஷாப்பிலிருந்து வந்தது.

நான் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். கடைந்து வரும் பாகங்களை அளந்து, சரியானதை ஒரு பக்கமும் ஆகாததை ஒரு பக்கமும் போடுவது என் வேலை. வருஷக்கணக்காக ஒரு கடைசல் மெஷினிலிருந்து வரும் பாகங்களை மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டு சரி என்று போட்டுவிடலாம். அதை ஓட்டியவர் ஆரணியாற்றுப் பக்கத்து ஊர்க்காரர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள் அந்த மெஷினின் கதவு சென்சார் கெட்டுப்போனது. கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடாமல் பார்த்துக்கொள்வதுதான் சென்சாரின் வேலை. சரக்கு அவசரம் என்பதால் யாரோ ஒரு ஒயரைக் கொடுத்து சென்சாரை ஏமாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். கதவு திறந்தபடியே உள்ளே சுற்றுகிறது. கை போனால் போனதுதான். அண்ணா மெஷினை நிறுத்தினார். சரிசெய்யாமல் ஓட்ட மாட்டேன் என்று பக்கத்திலேயே நின்றுவிட்டார். பாதி ஷிப்ட் போயிற்று.

புரொடக்‌ஷன் மேனேஜர் அவரைத் தூக்கி டிஸ்பாட்சில் போட்டார். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை.

"சொல்லாம கொள்ளாம மெஷினை நிறுத்தினது தப்புன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடு. நாளைக்கே மெஷின்ல ஏறு" என்று மேனேஜர் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். சொன்ன வார்த்தையிலிருந்து இறங்கத் தெரியாத மனுஷன்.

அண்ணா எழுதவில்லை. மாதங்கள் போயின. அவர் மனைவியே என்னிடம் போன் பண்ணி, "நீயாவது சொல்லும்மா, ஒரு வரி எழுதிக் குடுத்தா இன்னா கொறஞ்சா பூடும்?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

டிஸ்பாட்ச் பக்கம் போகும்போதெல்லாம் அவர் கையைப் பார்ப்பேன். டீக்குக் காத்திருக்கிற நேரத்தில் வலது கைக் கட்டைவிரல் தானாக முன்னால் போய் எதையோ அமுக்கும், திரும்ப வரும். மெஷினின் பச்சைப் பொத்தானை அமுக்குகிற பழக்கம். என் நாடகக்காரர் கிடைத்துவிட்டார் என்று அங்கேதான் எனக்குத் தோன்றியது.

"நா நடிக்கறதா? போம்மா, வேற ஆளப் பாரு" என்றார் முதலில். கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த ஆளு கடைசில ஒரு வரி எழுதிக் குடுத்தாரா?" என்றார்.

"இல்லண்ணா."

"அப்ப நா நடிக்கறேன்."

மேனேஜர் முன்வரிசையில் உட்காருவார், இதைப் பார்த்தால் மெஷின் கனவை மறந்துவிட வேண்டியதுதான் என்பது அண்ணாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நடிக்கிறேன் என்றார். அதனால் அவருக்காகவாவது அந்த நாடகம் பிசகாமல் நடக்க வேண்டும் என்று ஒரு வெறி எனக்கு வந்துவிட்டது.

பொன்னேரி தட்டச்சுப் பள்ளியில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தமிழ் டைப்ரைட்டரை இரவல் வாங்கினேன். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு கொண்டுபோனேன். இரும்புக் கனம். "கொயந்தயா அது, மடில வெச்சினு கீற?" என்று எதிர் சீட்டு அம்மா கேட்டாள். அண்ணா இரண்டே நாளில் அதில் பழகிவிட்டார். ஒற்றை விரலால் அடித்தாலும் சத்தம் என்னவோ கச்சேரி மாதிரி வந்தது.

ஆயுத பூஜை அன்றைக்கு எங்கள் ஷாப்பைப் பார்க்க வேண்டும். தரையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. மெஷினுக்கு மெஷின் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருப்பார்கள். எங்கள் ஷாப்புக்கு என்று இரண்டு கட்டுப்பாடு உண்டு. கற்பூரம் காட்டிய பிறகு எந்தக் கருவியையும் மறுநாள் விஜயதசமிக் காலைவரை தொடக்கூடாது. அப்புறம், எந்த மெஷினுக்கு யார் துடைத்துப் பொட்டு வைத்தாரோ, மறுநாள் அதை அவர்தான் ஓட்டித் தொடங்க வேண்டும். மேனேஜரே ஆனாலும் அடுத்தவன் பொட்டு வைத்த மெஷினைத் தொட மாட்டார்.

குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து பொரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். பூஜை முடிந்து நாடகம். நான் வீட்டுக்காரம்மா வேஷத்துக்கு ஒரு நீளப் பாவாடையைக் கட்டிக்கொண்டு டைப்ரைட்டரைத் தேடினேன். ஸ்டோர் அறையில் இல்லை. மேடைக்குப் பின்னால் இல்லை. கடைசியில் பூஜை வரிசையில் பார்த்தேன். ஸ்பேனர், வெர்னியர், டார்க் ரெஞ்ச் எல்லாவற்றுக்கும் நடுவில், கழுத்து வரைக்கும் சாமந்தி மாலை போட்டுக்கொண்டு, மூன்று பட்டை சந்தனமும் நடுவில் குங்குமமுமாக என் டைப்ரைட்டர் உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் கற்பூரத் தட்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"எவன்டா இத இங்க வெச்சது?" என்று நான் கத்தியதில் குழந்தைகள் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாதாம்மா" என்றார் அண்ணா. கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு ஜெர்மன்காரராக நின்றிருந்தார்.

"இன்னாண்ணா பண்ணி வெச்சிக்கீற? இத எப்டி இப்ப தட்டுவ நீ?"

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. மெதுவாகச் சொன்னார். "வருசா வருசம் மெஷின தொடச்சிப் பொட்டு வெக்கற கை. இந்த வருசம் டிஸ்பாட்ச்ல இன்னா கீது, டேப்பு ஒட்டற உருளைக்கா பொட்டு வெப்பேன்? எம்மெஷினாண்ட போனா அத ஓட்டறவன், நீ வெய்யிண்ணான்னு சந்தனக் கிண்ணத்தக் கைல குடுக்கறான். அது இப்ப எம்மெஷின் இல்லியே, நா வெக்கலன்னுட்டேன். ஸ்டோர்ல பாத்தா இது சும்மா குந்திக்கினு கீது. எண்ண போட்டுத் தொடச்சேன். மனசு கேக்கல, பொட்டும் வெச்சிட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. அவர் சொன்னதைக் கேட்டு மனசு உருகியது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அது பொய். உருகியது அப்புறம்தான். அந்த நிமிஷத்தில் என் ஒரு பக்க வசனம் போயிற்றே என்றுதான் வயிறு எரிந்தது.

அதிகாரி வேஷம் போட்டவன் பெயின்ட் ஷாப்பில் வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். "டேய், உனக்கு ஒண்ணும் இல்லியே, நீ தூக்கி மேடைல வெச்சி ரெண்டு தட்டு தட்டுடா" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. ஆனா எங்கம்மா மொத வரிசைல குந்திக்கினு கீது. பூசைல வெச்சத தொட்டன்னு தெரிஞ்சா ஊட்ல எனக்கு சோறு கெடையாது" என்றான்.

அண்ணாவிடம் திரும்பவும் மன்றாடினேன். நாடகத்துக்காக ஒரே ஒரு தடவை என்றேன். சாமி கோபித்துக்கொள்ளாது என்றேன். அவர் அசையவில்லை. "கற்பூரம் காட்டியாச்சிம்மா. நா தொட மாட்டேன்" என்றார். ஒரு வரி எழுத மாட்டேன் என்று மாதக்கணக்காக நின்ற மனுஷனை அரை நிமிஷத்தில் நான் வளைத்துவிட முடியுமா? ஒலிபெருக்கியில் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். பூஜை வரிசையை ஒட்டித்தான் மேடை. டைப்ரைட்டர் இருந்த பலகைக்கு முன்னாலேயே அண்ணா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அந்த ஆளும் தட்ட முடியாமதான கெடந்தாரு? பாத்துக்கலாம் வா" என்றார்.

நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே மேடை ஏறினேன்.

முதல் காட்சி. நாடகக்காரர் அந்நிய ஊருக்கு வந்து சேர்கிறார். டைப்ரைட்டரைப் பார்க்கிறார். இரண்டு கையையும் தூக்கி எழுத்துகளுக்கு மேலே கொண்டுபோகிறார். ஒரு விரற்கடை மேலே கை நின்றுவிடுகிறது. அங்கேயே, காற்றிலேயே விரல்கள் அடிக்கத் தொடங்குகின்றன. சத்தமே இல்லை. கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. வரி முடிந்ததும் காற்றிலேயே உருளையை இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். டீ நேரத்தில் பச்சைப் பொத்தானை அமுக்கும் அந்தக் கட்டைவிரல் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளிக்காக இறங்கி இறங்கி எழுந்தது. சிரிப்பு நின்றது. மெஷின் ஷாப் ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் முதலில் அமைதியானது. அந்த விரலை அவர்கள் தினமும் பார்க்கிறவர்கள்.

அப்புறம் நாடகம் தானாக ஓடியது. வீட்டுக்காரம்மா இடத்தில் நான் சிரித்தபோது சனமும் சேர்ந்து சிரித்தது. நான் எழுதியதைவிட நன்றாக வந்துகொண்டிருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பிறகு இரண்டு நாள் ஆயிற்று.

கடைசிக் காட்சியில் அதிகாரி ஒரு தாளை நீட்டினான். "தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வரி. ஒரே ஒரு வரி. கையெழுத்துப் போடு, மெஷின் உன்னுது."

அந்த வார்த்தை வந்ததும் ஷாப் ஆட்கள் எல்லோருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது. மேனேஜர் மடியில் பொரிப் பொட்டலத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். மனிதவள அதிகாரி போட்டோ எடுப்பதை நிறுத்தினார்.

இந்த இடத்தில்தான் அண்ணா படபடவென்று அடித்துக்கொண்டே என் வசனத்தைப் பேச வேண்டும். அவர் அந்தத் தாளைப் பார்த்தார். டைப்ரைட்டரைப் பார்த்தார். கையை நீட்டினார், முதல் காட்சி மாதிரியே ஒரு விரற்கடை மேலே நிறுத்தினார். இந்த முறை விரல் அசையவில்லை. இரண்டு கையையும் சேர்த்து டைப்ரைட்டரைக் கும்பிட்டார். எழுந்தார். அதிகாரியின் கையைத் தாளோடு மெதுவாக ஒதுக்கினார். கூட்டத்தைப் பார்த்து, என் ஒரு பக்க வசனத்துக்குப் பதிலாக ஒரே வார்த்தை சொன்னார்.

"நாளைக்கு."

கைதட்டல் எங்கிருந்து கிளம்பியது என்று சொல்ல முடியாது. புரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. பூஜையில் வைத்ததை இன்றைக்குத் தொடக்கூடாது என்றால், நாளைக்குத் தொடங்கப்போகிறோம் என்று அர்த்தம். மாலையும் சந்தனமும் பூட்டு இல்லை என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அந்த ஜெர்மன் மனுஷன் அத்தனை வருஷம் டிராயரில் எழுதிப் போட்டதும் இதைத்தான் என்று எனக்கே அப்போதுதான் விளங்கியது. ஒரு பக்கம் எழுதியும் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. மேடையிலேயே அழுதுவிட்டேன். வீட்டுக்காரம்மாவுக்கு அழுகை எழுதப்படவே இல்லை.

நாற்காலிகளை அடுக்கும்போது மேனேஜர் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று தயாராக நின்றேன். பதிலுக்குச் சொல்ல நாலு வார்த்தை நாக்கிலேயே வைத்திருந்தேன்.

"அந்த ஆள் கடைசியில சொந்த ஊருக்குப் போனாரா?" என்று கேட்டார்.

"போனாரு சார். நாடகமும் போட்டாரு."

"எழுதிக் கொடுத்துட்டா?"

"எழுதிக் குடுக்காமதான் சார்."

புத்தகத்தில் கடைசிப் பக்கம் இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு அதில் சந்தேகம் இல்லாதபோது எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் பொரியை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

விஜயதசமிக் காலை, பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. மேனேஜர் வழக்கம்போல வரிசையாக வந்தார். அவரவர் பொட்டு வைத்த மெஷினை அவரவர் கும்பிட்டு ஓட்டிக்காட்டினார்கள். ஒவ்வொன்றாகச் சத்தம் எழுந்து ஷாப்பே அதிர்ந்தது. அண்ணாவுடைய பழைய மெஷினுக்கு வந்ததும் வரிசை நின்றது. அதில் பொட்டு இல்லை. மாலை இல்லை. இப்போது அதை ஓட்டுகிற பொதட்டூர்பேட்டைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னாப்பா, ஏன் பொட்டு வைக்கலை?" என்றார் மேனேஜர்.

"அண்ணனுக்காக உட்டு வெச்சேன் சார். அவரு வெக்கலன்னுட்டாரு. பொட்டு வெக்காத மெஷின நா எப்டி சார் தொடங்கறது?"

மேனேஜர் மெஷினைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த மற்ற மெஷின்களைப் பார்த்தார். ஆட்கள் யாரும் அவரவர் இடத்துக்குப் போகவில்லை, நானும் போகவில்லை. தாள், பேனா எதையும் அவர் கேட்கவில்லை. "கூப்பிடுங்க அவரை" என்றார். அவன் என்று சொல்லாமல் அவர் என்றதை நான் கவனித்தேன்.

அண்ணா கையில் ஒட்டிய டேப் துண்டோடு வந்தார். யாரோ சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். கையைத் துடைத்துக்கொண்டு, மெஷினைத் துணியால் ஒரு தடவை துடைத்து, மூன்று பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்தார். கும்பிட்டார். எல்லோரும் பச்சைப் பொத்தானைப் பார்த்தோம்.

அவர் பொத்தானுக்குப் போகவில்லை. மெஷின் கதவை அகலமாகத் திறந்தார். மேனேஜருக்கு நன்றாகத் தெரியும்படி ஒதுங்கி நின்றுகொண்டு, கதவு திறந்திருக்கும்போதே பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

மெஷின் ஓடவில்லை.

இன்னொரு தடவை அமுக்கினார். ஓடவில்லை.

"அப்பவே சரி பண்ணியாச்சு" என்றார் மேனேஜர், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க போன மறுநாளே."

"அதான் வோணும் சார்" என்றார் அண்ணா. கதவைச் சாத்திவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.